தாய்வழி வந்த இசை
வீணை தனம்மாள் நினைவுரை



தமிழ்நாட்டுக் கவியரங்குகளில் அடிக்கடி பாடுபொருளாகும் சொற்களுள் ‘தாய்’ என்பதும் ஒன்று. அக்கவிதைகளில் வரும் தாய் பெரும்பாலும் அடுப்பருகே நிற்பவள். தான் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுபவள். முந்தானையால் கண்ணீர் துடைத்துக் கொள்பவள். அவள் பொய்யானவள் அல்லள். ஆயிரம் வீடுகளில் அவள் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். ஆனால் அவளுக்கென்று ஒரு கல்வி இருந்தது, ஒரு தொழில் இருந்தது, அத்தொழிலில் தவறு கண்டால் பொறாத சினம் இருந்தது என்று அக்கவிதைகள் சொல்லக் காணோம். பாட்டியின் நிலையோ அதனினும் எளிது. கதை சொல்லவும் வெற்றிலை இடிக்கவும் மட்டுமே அவள் கவிதைக்குள் அழைக்கப்படுகிறாள்.

இந்தப் பழக்கத்தைச் சற்றே கலைத்துப் பார்க்க உதவும் வாழ்க்கை ஒன்று சென்னையில் வாழப்பெற்றது. அவரை உலகம் ‘வீணை தனம்மாள்’ என்று கருவியின் பெயரோடு சேர்த்தே அறியும். நான்கு மகளிரைப் பெற்ற தாய் அவர் என்பதும், பேரன் பேத்திகளால் தென்னிந்திய இசையின் ஒரு பகுதியே காப்பாற்றப்பட்டது என்பதும் அவருடைய வரலாற்றில் அடிக்குறிப்பாகவே சொல்லப்படுகின்றன. அந்த அடிக்குறிப்பை மேலே எடுத்துவந்து படித்தால் என்ன தெரிகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னை ஜார்ஜ் டவுனில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் தனம்மாள். அவருடைய தாயார் சுந்தரம்மாள் பாடுவதில் தேர்ந்தவர். சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பயின்றவர். சுந்தரம்மாளின் தாயார் காமாட்சி, தஞ்சை மரபில் வந்த ஆடற்கலைஞர். தஞ்சையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். காமாட்சிக்கு முன் ருக்மிணி, ருக்மிணிக்கு முன் பாப்பம்மாள் எனத் தஞ்சை அரசவை வரை இக்குடியின் கொடிவழி நீள்கிறது. புலவர்தம் வரலாறுகளில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இப்பட்டியல் புதிதாகத் தோன்றும். இதில் ஆண்பெயர் ஒன்றுகூட இல்லை. தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவள் மகளுக்கும் வீடும் பெயரும் கலையும் போயின.

இக்குடும்பத்தாரின் பெயர்களுக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்தை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். டி. பாலசரஸ்வதி, டி. பிருந்தா, டி. முக்தா, டி. விசுவநாதன், டி. ரங்கநாதன் என்று பேத்தியரும் பேரரும் ஒரே எழுத்தைத் தாங்குகின்றனர். அது எந்தத் தந்தையின் பெயருமன்று, தஞ்சாவூர். ஊரை விட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்து சென்னையில் பிறந்த குழந்தைகளும் அந்த ஊரையே தலைப்பெழுத்தாகச் சுமந்தன. கொள்ளுப்பாட்டியரின் ஊர் அது.

தனம்மாள் கற்றதும் எளிதில் கற்றதன்று. வீட்டில் தாயும் பாட்டியும் தந்ததோடு அவர் நிற்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சுவையரிடம் பெற்றார். க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களை அவற்றில் தோய்ந்த பால்தாஸ் நாயுடுவிடம் பெற்றார். தருமபுரி சுப்பராயர் ஜாவளி இயற்றிய காலத்திலேயே அவருடைய ஜாவளிகள் தனம்மாளின் வீட்டில் ஒலித்தன. இவ்வாறு பல வாய்க்கால்களில் வந்த நீர் ஒரு வீட்டுக் கிணற்றில் வந்து தேங்கிற்று. சுரந்த ஊற்றுக்கும் சேர்ந்த நீருக்கும் வேறுபாடு தெரியாதபடி அவர் அதைத் தம்முடையதாக்கிக் கொண்டார்.

அவ்வீட்டின் வெள்ளிக்கிழமை மாலைகளைப் பற்றி இசையன்பர்கள் இன்றும் பேசுகின்றனர். அது சபாக் கச்சேரி அன்று. சீட்டும் விளம்பரமும் இல்லை. வீட்டுக் கூடத்தில் அவர் வீணையோடு அமர்வார். இசையறிந்தோரும் வித்துவான்களும் வந்து சுற்றிலும் அமர்வர். அவர் வீணையின் ஒலி மிக மெல்லியது. ஒலிபெருக்கி ஏதுமின்றி, வாசிப்போடு தாமும் இழைந்து பாடுவார். அந்த ஒலியைக் கேட்க வேண்டுமாயின் கேட்பவர்கள் அசையாதிருக்க வேண்டும். அங்கே இரைச்சலுக்கு இடமில்லை. வந்திருப்பவர் எத்துணைப் பெரிய மனிதராயினும் அதற்கு விலக்கில்லை. இன்றைய அரங்குகளில் கைதட்டலை எதிர்பார்த்து வரி தொடுப்போர் அந்தக் கூடத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்து போனவர்களுக்கு அது ஒரு மாலை. அவ்வீட்டுக் குழந்தைகளுக்கோ அது வாரம் முழுவதும் நீண்ட வாழ்வு. ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி என்னும் நான்கு மகளிரும் இசையிலேயே வளர்ந்தனர். கொள்ளுப்பாட்டியின் பெயரையே மகள் ஒருத்திக்குச் சூட்டியிருக்கிறார் தனம்மாள் என்பதும் நோக்கத்தக்கது. காமாட்சியின் மக்களே பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி ஆகியோர். பிருந்தா 1912-இலும் முக்தா 1914-இலும் பிறந்தனர். அபிராமசுந்தரி வயலின் கலைஞரானார். ஜெயம்மாளின் மக்கள் 1918-இல் பிறந்த பாலசரஸ்வதியும், அவருக்கு இளையவர்களான ரங்கநாதனும் விசுவநாதனும். பின்னாளில் இசையறிஞராக விளங்கிய டி. சங்கரனும் தனம்மாளின் பேரரே. ஒரு வீட்டில் இத்தனை பேரும் இசைஞராவது குருதியின் மாயம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்வது அவ்வீட்டுப் பெண்களின் உழைப்பை மறைப்பதாகும்.

அந்த உழைப்பு எத்தகையது? ஒரு பதத்தை விளம்ப காலத்தில் பாடும்போது ஒரே அசை நீண்டு, வளைந்து, தாழ்ந்து, மறுபடி எழுகிறது. அந்த வளைவை எழுத்தில் பிடிக்க இயலாது. சுரக்குறிப்பு எழுதினால் எலும்பு கிடைக்கும், தசை கிடைக்காது. அதைக் கற்பவர் கற்பிப்பவரின் அருகிலேயே இருந்து நாள்தோறும் கேட்க வேண்டும், பாட வேண்டும், ‘சரியில்லை’ என்ற சொல்லைப் பன்முறை கேட்க வேண்டும். அத்தகைய அருகாமை வீட்டுக்குள்தான் வாய்க்கும். சமையலும் நோயும் பிள்ளைப்பேறும் நடக்கும் அதே கூரையின் கீழ்ப் பாட்டும் நடக்க வேண்டும். குழந்தை உறங்கும்போதும் விழிக்கும்போதும் காதில் விழுவது அதுவாகவே இருக்க வேண்டும். தாய்மை என்பதன் அன்றாடத் தொழிலுக்குள் ஒரு கலையின் பயிற்சி முழுவதும் அடங்கியிருந்த வீடு அது.

வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்ததாகவும் எண்ணிவிடலாகாது. பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயில அனுப்பப்பட்டனர். லயத்தில் கடுமையும் கிருதிகளில் பெருஞ்செல்வமும் வாய்ந்தவர் அவர். தம் வீட்டு இசை குழைவு மிக்கது என்பதையும் அதற்கு வேறொரு முதுகெலும்பு வேண்டும் என்பதையும் அறிந்த வீடு இது. தம்மிடம் உள்ளதே போதும் என்று பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் அன்பு ஒருவகை. போதாததைப் பிறரிடம் தேடி அனுப்பும் அன்பு மற்றொரு வகை. கவிதைகளில் முன்னதே மிகுதியாகப் பாராட்டப்படுகிறது.

இனிக் கவிஞர்கள் ஊன்றி எண்ண வேண்டிய ஒன்று. இவ்வீட்டின் தலைமைச் செல்வம் பதங்கள். பதம் என்பது காதற்பாட்டு. தலைவி தோழியிடம் பேசுவதும், தலைவனிடம் ஊடுவதும், வேறொருத்தியிடம் சென்று வந்தவனை வாயிலில் நிறுத்திக் கேட்பதும் பதங்களின் பொருள்கள். பதினேழாம் நூற்றாண்டின் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் பாடியவற்றோடு தமிழ்ப் பதங்களும் இம்மரபில் சிறப்பிடம் பெற்றன. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, வைத்தீசுவரன் கோயில் சுப்பராமையர், கனம் கிருஷ்ணையர் ஆகியோர் அவற்றை இயற்றியோர். கனம் கிருஷ்ணையரின் வரலாற்றை எழுதியவர் உ.வே. சாமிநாதையர் என்பதும், ஐயரின் தந்தையார் அவரிடம் இசை பயின்றவர் என்பதும் தமிழ் கற்றோர் அறிந்தவையே. ஏட்டுச்சுவடி ஒரு புறம் உ.வே.சா.வின் கைகளில் அச்சேறிக் கொண்டிருந்தபோது, ஏட்டில் அடங்காத பகுதி ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்ணின் தொண்டையிலும் விரல்களிலும் இருந்தது.

இந்தக் காதற்பாட்டுகளைப் பேத்திக்குக் கற்பித்தவர்கள் தாயும் பெரியம்மையும் பாட்டியும் என்பதை நிறுத்தி எண்ண வேண்டும். அகத்திணையில் நற்றாயும் செவிலியும் பேசுகின்றனர். ஆனால் மகளின் களவொழுக்கம் அவர்களுக்கு மறைக்கப்பட்ட ஒன்று. அறத்தொடு நிற்கும்போதுதான் அது அவர்கள் காதுக்கு எட்டுகிறது. தனம்மாளின் வீட்டிலோ வேட்கையின் மொழியை, ஊடலின் நுணுக்கத்தை, ஏமாற்றத்தின் குரலை மூத்த பெண்களே இளைய பெண்களுக்கு எடுத்துத் தந்தனர். பத்து வயதுப் பெண் ஒரு பதத்தின் பொருளை எவ்வளவு அறிவாள்? சொல்லும் சுரமும் முதலில் வரும். பொருள் இருபது, முப்பது ஆண்டுகளில் மெல்ல வந்து சேரும். வந்து சேரும்போது அதைத் தாங்கும் பாட்டு முன்னமே உள்ளே அமைந்திருக்கும். எதிர்காலத் துயரத்துக்கும் இன்பத்துக்கும் வேண்டிய சொல்லை முன்கூட்டியே சேமித்துத் தருவதினும் பெரிய சீதனம் ஒரு பாட்டி தரக்கூடியது வேறென்ன?

இந்தச் சீதனமே அக்குடியை ஊராரின் பழிப்புக்கும் ஆளாக்கிற்று. தனம்மாளின் முதுமைக்காலம் தேவதாசி முறைக்கு எதிரான கிளர்ச்சி வலுத்த காலம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைகளிலும், 1936-இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை’ என்னும் தம் நாவலிலும் போராடினர். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் இசைவேளாளர் குடியினரே என்பதை மறத்தலாகாது. பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை அவர்கள் எதிர்த்தது முற்றிலும் நேரியது. அதற்கான சட்டம் 1947-இல் நிறைவேறியதும் வேண்டியதே. ஆயினும் கொடுமையைச் சுட்டிய விரல் அதனைச் சூழ்ந்திருந்த கலையையும் சேர்த்தே சுட்டியது. பதம் ஆபாசம் எனப்பட்டது. ஆட்டம் இழிவு எனப்பட்டது. அவற்றைக் கைவிட்டுவிட்டு மதிப்பான வாழ்வைத் தேடிக்கொள்ளுமாறு அக்குடிகளின் பெண்களுக்கு நாலாபுறமும் அறிவுரை கிடைத்தது. பலர் அப்படியே செய்தனர். அவர்களைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று எண்ணிய தாய்மார்கள் அவர்கள்.

இந்தச் சூழலில்தான் ஜெயம்மாளின் மகள் ஆட விரும்பினாள். அவ்வீட்டில் சில தலைமுறைகளாக ஆட்டம் இல்லை. காமாட்சிப் பாட்டியோடு சலங்கை நின்றிருந்தது. சுந்தரம்மாள் பாடினார், தனம்மாள் வீணையேந்தினார், ஜெயம்மாளும் பாடகியே. விட்டதை மீண்டும் எடுப்பது ஊர்ப்பழியையும் கூட எடுப்பதாகும். உறவிலும் நட்பிலும் தடை எழுந்தது. ஜெயம்மாள் உறுதியாக நின்றார். தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் குழந்தையை ஒப்படைத்தார். கந்தப்பரின் கண்டிப்பு பெயர் பெற்றது. 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. 1933-இல் சென்னை மியூசிக் அகாதெமியிலும் 1934-இல் கல்கத்தாவிலும் அவர் ஆடினார். இவையனைத்தும் தனம்மாள் உயிரோடிருந்த காலத்திலேயே நடந்தன. நாடே இழிவென்று ஒதுக்க முனைந்த ஒன்றை அந்தக் குழந்தை பொதுமேடைக்குக் கொண்டு வந்தபோது, அவளுக்குப் பின்னால் ஒலித்தது தனம்மாள் வீட்டு இசை.

தனம்மாளின் கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கி மறைந்தது. வெள்ளிக்கிழமைகளில் கூடம் நிறைத்த புகழ் செல்வமாக மாறவில்லை. எழுபது ஆண்டு நிறைந்த வாழ்வு அவருடையது. அவர் மறைந்தது 1938 அக்டோபர் மாதம். அப்போது பிருந்தாவுக்கு வயது ஏறக்குறைய இருபத்தாறு, பாலசரஸ்வதிக்கு இருபது, விசுவநாதனுக்குப் பதினொன்று. நூல் எழுதவில்லை, பள்ளி நிறுவவில்லை. 1930-களில் பதிவான சில இசைத்தட்டுகள் எஞ்சின. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று மணித்துளிகளே கொள்ளும். ஒரு மாலை முழுவதும் விரிந்த இசையை அந்த மூன்று மணித்துளிக்குள் கேட்பவர்க்கு ஏமாற்றமும் வியப்பும் ஒருங்கே தோன்றும்.

மற்றவை மக்களிடம் இருந்தன. பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடிய பதங்கள், அவற்றை எப்படிப் பாட வேண்டும் என்பதற்கே அளவுகோலாயின. எம்.எஸ். சுப்புலட்சுமியும் இராமநாதபுரம் கிருஷ்ணனும் பிருந்தாவிடம் பாடம் கேட்டவர்கள். அருணா சாயிராம் அவர்தம் மாணவி. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1973-இல் பாலசரஸ்வதிக்கும், 1976-இல் பிருந்தாவுக்கும், 1988-இல் விசுவநாதனுக்கும் கிடைத்தது. ஒரு பாட்டியின் மூன்று பேரமக்கள்! இதில் பாலசரஸ்வதி ஆடற்கலைஞர். இசைக்கென்று வகுத்த விருது அவருக்குத் தரப்பட்டது, அவ்வீட்டில் ஆட்டமும் பாட்டும் வேறு வேறல்ல என்று அறிந்ததனாலேயே எனலாம்.

பாலசரஸ்வதி தம் வாழ்நாள் முழுவதும் சிருங்காரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தவர். அதைக் குறைத்து, தூய்மை செய்து, பக்தி மட்டுமே எஞ்சுமாறு ஆடுவது நாகரிகம் என்று பலர் சொன்னபோதும் அவர் இணங்கவில்லை. 1975 டிசம்பரில் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார் அவர். அலாரிப்பு கோபுர வாயில். வர்ணத்தைக் கடந்து பதங்களுக்கு வரும்போது ஆடுபவர் கருவறையை நெருங்குகிறார். அவ்வுரையில் பதங்கள் எந்த இடத்தில் வைக்கப்பட்டன என்பதைக் காண்க. ஆபாசம் என்று வெளியே தள்ளப்பட்ட அதே காதற்பாட்டுகளை அவர் கருவறையில் கொண்டுபோய் வைத்தார். பாட்டி வீட்டில் அவை இருந்த இடமும் அதுவே.

இளையவர்கள் கடல் கடந்தனர். புல்லாங்குழல் விசுவநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். அவர்களிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து தங்கி இவ்வீட்டு இசையில் தோய்ந்தார்; ரசிகர்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தனர். விசுவநாதன் குழல் வாசிக்கும்போது இடையே குழலை இறக்கிவிட்டுப் பாடுவார். பதத்தின் சொல் கேட்பவர் காதில் விழுந்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். வீணையோடு இழைந்து பாடிய பாட்டியின் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள உறவை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலசரஸ்வதியின் மகள் லட்சுமி ஆடினார். லட்சுமியின் மகன் அனிருத்தரும் ஆடத் தொடங்கினார். பெண்வழியே வந்த கலை முதன்முறையாக ஓர் ஆண்மகனின் கால்களுக்கு மாறியது.

2010-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வீணை தனம்மாளுக்கு ஒரு தலையும் பாலசரஸ்வதிக்கு ஒரு தலையும் வெளியிட்டது. பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நின்ற ஜெயம்மாளுக்கு அஞ்சல்தலை இல்லை. விருதுப் பட்டியல்களிலும் அவர் பெயர் அதிகம் தென்படுவதில்லை. தாயிடம் கேட்டதை மகளுக்குத் தந்தவர் அவர். மகள் ஆடிய மேடையின் ஓரத்தில் அமர்ந்து, அவள் கை காட்டும் பொருளுக்கேற்ப ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறாகப் பாடிக்கொண்டிருந்தார்.